மருத்துவமும் மறதியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்தது. பார்வை தெளிந்தது. ஆறு வாரங்களுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் பணித்தார். அந்நாட்களில் என் மனைவிக்குக் காதில் வலி. அவளுக்கும் ஒரு சொட்டு மருந்து வாங்கியிருந்தோம். இரண்டு குப்பிகளும் ஒரே அளவின, இரண்டும் வெண்ணிறம், இரண்டுக்கும் மூடி கூட ஒரே வடிவம். இரண்டையும் ஒரே மாடத்தில் வைத்திருந்தோம். ஓர் இரவு மின்சாரம் நின்றிருந்த வேளையில் கைக்கு அகப்பட்ட குப்பியை எடுத்துக் கண்ணில் இரு துளி விட்டேன். நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. அது காது மருந்து. கண்ணை நெடுநேரம் நீரால் கழுவிவிட்டு, விடிந்ததும் மருத்துவரிடம் ஓடினேன். நற்பேறாகத் தீங்கு ஒன்றும் நேரவில்லை.

நாற்பது ஆண்டுகள் பிறரைப் படிக்கச் சொல்லியே காலங்கழித்த ஒருவன், குப்பியின்மேல் எழுதியிருந்த ஒரு சொல்லைப் படியாது விட்டான். எனக்குப் படிக்கத் தெரியவில்லையா? கவலை இல்லையா? என் கண்ணின்மேல் என்னைவிடக் கவலை உடையவர் யார்? அப்படியிருந்தும் பிழை நேர்ந்தது. இப்பிழை எவ்வாறு நேர்கிறது, அதனைக் குறைக்க வழி யாது என்பதை அந்நாள் முதல் நான் ஆராயலானேன். என் வீட்டு மாடத்தில் நிகழ்ந்ததே பெரிய மருத்துவமனைகளிலும் நிகழ்கிறது என்பதும், அதனைத் தடுக்க அறிஞர் பலர் அரும்பாடுபட்டுள்ளனர் என்பதும் எனக்குத் தெரியவந்தன. அவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பிழை என்னும் பொருளில் தமிழ் பயின்றவர்க்கு ஓரளவு பழக்கம் உண்டு. பழைய நூல்கள் எல்லாம் பனையோலையில் இருந்து நமக்குக் கிடைத்தவை. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்து நெட்டெழுத்து வேறுபாட்டையும் பல இடங்களில் காட்டுவதில்லை. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே கொல, கோல, கொல், கோல் என்னும் நான்கும் ஓலையில் ஒரே தோற்றம் உடையனவாக இருந்தன. படியெடுத்தவர் தம் மனத்தில் எதை எதிர்பார்த்தாரோ அதையே கண்டார், கண்டதையே எழுதினார். அவர் கற்றறிவில்லாதவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். ஒத்த தோற்றமே அவரை மயக்கிற்று. பழஞ்சுவடிகளை அச்சேற்றிய பெரியோர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். எனவே, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் வேறொரு சுவடியை வைத்து ஒத்துப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். ஒருவர் கண் தவறவிட்டதை மற்றொருவர் செவி பிடித்துவிடும். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே வழக்கத்தை அறுவை மருத்துவ அரங்கில் பின்னர்க் காண்போம்.

மனிதப் பிழையை ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்தவர் சேம்சு ரீசன் என்னும் ஆங்கில நாட்டு உளவியல் பேராசிரியர். அவர் இத்துறையில் இறங்கிய கதை சுவையானது. ஒருநாள் அவர் தமக்குத் தேநீர் தயாரித்துக் கொண்டிருந்தார். அப்போது அவர் வளர்த்த பூனை பசியால் கத்தியது. அவர் பூனை உணவுப் புட்டியைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்தார். தேநீர்ப் பாத்திரத்தினுள் போட்டார்! வேறொருவராயின் சிரித்துவிட்டு மறந்திருப்பர். ரீசனோ, 'இரண்டு செயல்கள் ஏன் இவ்வாறு ஒன்றோடொன்று கலந்தன?' என்று எண்ணத் தொடங்கினார். இரண்டும் கைக்குப் பழகிய செயல்கள்; இரண்டும் கரண்டியால் செய்யப்படுவன; இரண்டிலும் பாத்திரம் வாய் திறந்து நிற்கிறது. மனம் வேறிடத்தில் இருக்கும்போது பழகிய கை தானாகவே இயங்குகிறது. புதிதாகக் கற்பவனைவிடக் கைதேர்ந்தவனுக்கே இத்தகைய தவறுதல் மிகுதியாக நேர்கிறது என்பது வியப்பான உண்மை. மிதிவண்டியைப் புதிதாக ஓட்டுபவன் வேறொன்றும் நினையான். பழகியவனே பாட்டுப் பாடிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்குவான்.

செய்யக் கருதியது சரியாக இருந்தும் கை பிசகுவது ஒரு வகை. செய்ய வேண்டியதை மறந்துவிடுவது மற்றொரு வகை. கருதியதே தவறாக இருப்பது மூன்றாம் வகை. நோயை இன்னதென்று மாறாக உணர்ந்து, அம்மாறான நோய்க்கு உரிய மருந்தைக் குறையின்றிக் கொடுப்பது இம்மூன்றாம் வகையைச் சாரும். இதற்குக் கல்வியும் கலந்தாய்வும் மருந்தாகலாம். முதலிரண்டு வகைப் பிழைகளுக்குக் கல்வி மட்டும் மருந்தாகாது. 'இனிக் கவனமாக இரு' என்று நூறுமுறை கூறினாலும் மறதி மறதியாகவே இருக்கும்.

மருத்துவத்தில் இப்பிழைகளின் அளவு எவ்வளவு என்பதை உலகம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருத்துவ நிலையம் என்னும் அறிஞர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை தடுக்கக்கூடிய பிழைகளால் இறக்கின்றனர் என அது மதிப்பிட்டது. இக்கணக்கைப் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. கீழ்க்கணக்கையே கொண்டாலும், அந்நாட்டில் சாலை விபத்தில் மடிந்தோர் தொகையை அது விஞ்சியது. அறிக்கையைக் கண்டு மக்கள் திடுக்கிட்டனர். எனினும், பிழை செய்த மருத்துவர்களைத் தேடித் தண்டிக்க வேண்டும் என்று அறிக்கை கூறவில்லை. நல்லவர்களும் வல்லவர்களுமே பிழை செய்கின்றனர். அவர்கள் பணிபுரியும் முறையே மாற வேண்டும் என்பதே அதன் கருத்து.

முறையை மாற்றுவது எங்ஙனம்? மயக்க மருத்துவத் துறையை எடுத்துக்கொள்வோம். மற்றத் துறைகளுக்கெல்லாம் முன்னோடியாக நின்றது அதுவே.

அறுவையின்போது நோயாளிக்கு இரண்டு வளிகள் குழாய்வழிச் செலுத்தப்படுவதுண்டு. ஒன்று ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளி. மற்றொன்று நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வளி. இரண்டுக்கும் நிறமில்லை, கண்ணால் பார்த்து வேறுபாடு அறிய இயலாது. இரும்பு உருளைகளில் அடைத்து வருகின்றன. உயிர்வளி உருளையை மாட்டவேண்டிய இடத்தில் மயக்க வளி உருளையை மாட்டிவிட்டால் நோயாளி மூச்சுவிட்டபடியே மூச்சின்றி இறப்பார். உருளைக்கு நிறம் பூசி வேறுபாடு காட்டினர். ஆனால் நம் நாட்டில் உயிர்வளி உருளை கருமை நிறமும் வெண்மையான தோளும் உடையது. அமெரிக்காவிலோ அது பச்சை. ஓரிடத்தில் பழகிய கண் மற்றோரிடத்தில் மயங்கும். அன்றியும், விளக்கு மங்கிய வேளையில் நிறம் என்ன செய்யும்?

ஆகவே பொறிவல்லுநர் வேறொரு வழி கண்டனர். உருளையின் வாயில் இரண்டு சிறு துளைகள் இட்டனர். உயிர்வளி உருளைக்கு இரண்டாம், ஐந்தாம் இடங்களில் துளை. மயக்க வளி உருளைக்கு மூன்றாம், ஐந்தாம் இடங்களில் துளை. கருவியில் மாட்டும் இடத்தில் அவற்றுக்கு ஏற்ற முளைகள் இரண்டு நிற்கும். முளையும் துளையும் பொருந்தினாலன்றி உருளை உட்காராது. மாற்றி மாட்ட முயல்வோன் எவ்வளவு களைத்திருந்தாலும், எவ்வளவு விரைந்தாலும், இரும்பு அவனுக்கு இடங்கொடாது. நினைவூட்டும் பலகை, அதிகாரியின் எச்சரிக்கை, கண்டிப்பான சுற்றறிக்கை ஆகிய எல்லாவற்றினும் அந்த இரண்டு முளைகள் மேலானவை என்பது என் கருத்து. என் கண் மருத்துவர் எனக்குச் சொன்ன வழியும் இதன் இனமே. என் கதையைக் கேட்டு அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 'ஐயா, காது மருந்துக் குப்பியைச் சுற்றி ஓர் இரப்பர் வளையம் மாட்டுங்கள். அதை வேறு அறையில் வையுங்கள். இருட்டிலும் விரல் சொல்லிவிடும்' என்றார். அரைக்காசு பெறாத வளையம். அதன்பின் பிழை நேரவில்லை.

மயக்க மருத்துவத்தில் ஏற்படும் பிழைகளை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர்களுள் சிறந்தவர் செஃப்ரி கூப்பர். அவர் மருத்துவர் அல்லர். பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த பொறியியல் வல்லுநர். மருத்துவர்களை அமரச்செய்து, 'உங்களுக்கு நேர்ந்த பிழைகளையும், நேர இருந்து தப்பிய பிழைகளையும் கூறுங்கள்' என்று கேட்டார் அவர். 359 நிகழ்ச்சிகள் திரண்டன. 1978ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் நூற்றுக்கு 82 மனிதத் தவறுதலால் நேர்ந்தவை. கருவி பழுதுற்றதால் நேர்ந்தவை 14 மட்டுமே. மூச்சுக்குழாய் கழன்று கிடந்ததைக் கவனியாமை, வளியின் அளவு தானறியாமல் மாறிப்போதல், ஒரு மருந்துக்கு வேறொரு மருந்து நிரப்பிய ஊசிக்குழலை எடுத்துவிடுதல் முதலியன மீண்டும் மீண்டும் வந்தன. ஒருவர் செய்த பிழையையே பலரும் செய்திருந்தனர். தனித்தனியே ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே நேர்ந்த இழுக்காகக் கருதி மறைத்திருந்தது, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கருவியின் அமைப்பிலும் வேலையின் அமைப்பிலும் உள்ள ஓட்டையாகத் தெரிந்தது.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் சொல்வது எழுதுதல் நடத்தும்போது, பிழை செய்த மாணவர்களைப் பெஞ்சின்மேல் நிறுத்துவது வழக்கம். ஒருமுறை நாற்பது பேரில் முப்பதுபேர் ஒரே சொல்லில் ரகரத்துக்கு றகரம் எழுதியிருந்தனர். முப்பது பேரையும் நிறுத்திவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உண்மை உறைத்தது. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் அச்சொல்லை ஒலித்ததே பிழை. முப்பது பேர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள் என்றால், கல் கிடப்பது பாதையிலேயே அன்றோ?

கூப்பர் போன்றோர் முயற்சியால் மயக்க மருத்துவத்தில் கண்காணிப்பு முறைகள் வகுக்கப்பட்டன. சப்பான் நாட்டுப் பொறியியல் அறிஞர் தக்குவோ அயோகி 1974ஆம் ஆண்டில் கண்டறிந்த நெறியில் அமைந்த ஒரு கருவி, இரத்தத்தில் உள்ள உயிர்வளியின் அளவை விரலைப் பற்றியே காட்டிவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இக்கருவியை உங்களில் பலர் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். குழாய் கழன்றால் மருத்துவர் மறந்தாலும் கருவி ஒலி எழுப்பும்.

இனி மருந்துக்கு வருவோம். நம் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியினின்று வின்கிரிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைத் தீர்ப்பதில் இஃது ஒரு வரம். ஆனால் இதனை நரம்பூசி எனப்படும் இரத்தக்குழாய் ஊசியாகவே செலுத்துதல் வேண்டும். முதுகுத்தண்டின் நீரில் செலுத்திவிட்டால் ஏறத்தாழ எப்போதும் உயிருக்கே இறுதி. கொடுமை யாதெனில், இதே நோய்க்கு முதுகுத்தண்டில் செலுத்தவேண்டிய வேறொரு மருந்தும் உண்டு. இரண்டும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒத்த ஊசிக்குழல்களில் வருமாயின் என் மாடத்துக் குப்பிகளின் கதைதான். பல நாடுகளில், தேர்ந்த மருத்துவர்களின் கையாலேயே, நோய் தீரும் நிலையில் இருந்த பிள்ளைகள் இவ்வாறு மாண்டிருக்கின்றனர். குப்பியின்மேல் எச்சரிக்கை அச்சிட்டிருந்தும் மாண்டனர். 2007ஆம் ஆண்டில் உலக நல நிறுவனம் இதுபற்றி எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் நிரப்பாமல், உப்புநீர் நிறைந்த சிறு பையில் கலந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும்படி கொடுக்க வேண்டும் என்பதே மாற்றுவழி. பையில் உள்ள நீரின் அளவு மிகுதி. அவ்வளவு நீரை முதுகுத்தண்டில் செலுத்த எவரும் நினையார். பையைப் பார்த்தவுடனே கை நின்றுவிடும். முதுகு ஊசிக்கும் நரம்பூசிக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத முனைகளும் இப்போது செய்யப்படுகின்றன. முளையும் துளையும் மீண்டும் வந்துவிட்டன அல்லவா!

பொட்டாசியம் குளோரைடு என்னும் செறிந்த உப்புக் கரைசலின் கதையும் இத்தகையதே. நீர் நிறைந்த சிறு புட்டிகளோடு அது மயங்கி, நீர் கலக்காமல் செலுத்தப்பட்டால் இதயம் நின்றுவிடும். அதனை நோயாளிகளின் கூடத்தில் வைக்காமல் மருந்தகத்திலேயே வைத்துக் காப்பது இப்போது பல இடங்களில் முறையாகிவிட்டது. இல்லாத புட்டியை எடுத்துவிட எவராலும் இயலாது.

மருந்துகளின் பெயர்களோ ஓலைச்சுவடியின் இடர்ப்பாட்டை அப்படியே நினைவூட்டுகின்றன. டோபமின் ஒரு மருந்து. டோபுட்டமின் வேறொரு மருந்து. விரைந்து எழுதிய கையெழுத்தில் இவ்விரண்டுக்கும் இடையே என்ன தெரியும்? ஆங்கிலத்தில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தால் அச்சிட்டுக் கண்ணை அங்கே நிறுத்துகின்றனர். நம் மொழியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. நாம் வேறு உத்திதான் தேட வேண்டும். எண்களிலும் இடர் உண்டு. 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகிவிடும்; .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். முன்னது பத்து மடங்கு மருந்து. பின்னதும் பத்து மடங்கு மருந்து. ஆகவே முழு எண்ணுக்குப்பின் புள்ளியும் சுழியும் இடாமல் 1 என்றும், புள்ளிக்குமுன் சுழியிட்டு 0.5 என்றும் எழுதுதல் வேண்டும் என்பது விதி. புள்ளி இடாத சுவடிகளோடு போராடிய எனக்கு, ஒரு புள்ளி உயிரைக் காக்கும் என்பதில் ஐயமே இல்லை. நம் நாட்டிலும் மருத்துவர்கள் மருந்துச்சீட்டைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் விதித்தது. கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்று தமிழாசிரியர் சொன்னால் எவரும் கேளார். கழகம் சொன்னாலாவது கேட்பார்களாக.

மறதியை வெல்லும் வழி ஒன்றை மருத்துவர்கள் வானூர்தி ஓட்டுவோரிடமிருந்து கற்றனர். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில், போயிங் நிறுவனம் செய்த பெரிய வானூர்தி ஒன்று சோதனைக்காகக் கிளம்பியது. மேலெழுந்த சில நொடிகளில் கவிழ்ந்து விழுந்து தீப்பற்றியது. இருவர் உயிரிழந்தனர். ஓட்டியவர் மிகுந்த அனுபவம் உடையவர். ஊர்தி நிற்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாதிருக்க ஒரு பூட்டு இடப்படும். புறப்படுமுன் அதனைத் திறக்க வேண்டும். அதனை அவர் திறக்க மறந்துவிட்டார். இவ்வளவு நுணுக்கமான ஊர்தியை ஒரு மனிதர் ஓட்டவே இயலாது என்றனர் சிலர். ஓட்டுநர்களோ புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்தனர். அவ்வளவே. அவ்வூர்தி பின்னர் ஆயிரக்கணக்கில் பறந்தது.

இம்முறையைப் பால்டிமோர் நகரத்து மருத்துவர் பீட்டர் பிரோனவாஸ்ட் 2001ஆம் ஆண்டில் தம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். கடும் நோயாளிகளின் பெரிய இரத்தக்குழாயினுள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி மருந்து ஏற்றுவர். அக்குழாய்வழிக் கிருமி புகுந்து பலர் இறந்தனர். கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடலை முழுதும் தூய துணியால் போர்த்துதல் என எளிய செயல்கள் ஐந்தை அவர் எழுதினார். இவை எல்லா மருத்துவர்க்கும் தெரிந்தவையே. எனினும் செவிலியரைக் கொண்டு ஒரு மாதம் உற்றுநோக்கியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளிடத்தில் ஏதேனும் ஒரு செயல் விட்டுப்போயிருந்தது.

அடுத்து அவர் செய்ததே பெரிய செயல். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், 'நிறுத்துங்கள்' என்று கூறும் உரிமையைச் செவிலியர்க்கு வழங்கினார். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு கூறு உடையது என்று வள்ளுவர் வகுத்திருக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர். இந்நான்காமவரை நாம் நெடுங்காலம் ஏவல் கேட்பவராகவே வைத்திருந்தோம். அவருக்குக் கண் உண்டு என்று அறிந்திருந்தோம். வாய் உண்டு என்பதை மறந்தோம். பெரியவர் தவறு செய்யும்போது சிறியவர் எடுத்துரைப்பது நம் நாட்டில் எளிதன்று. அமெரிக்காவிலும் அஃது எளிதாக இல்லை என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறை பின்பற்றப்பட்டது. குழாய் இருந்த ஆயிரம் நாட்களுக்கு நடுவளவாக 2.7 என்றிருந்த தொற்று, மூன்று மாதங்களில் சுழியாயிற்று. இது 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு.

அறுவை அரங்குக்கு உரிய பட்டியலை உலக நல நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் அதுல் கவாந்தே என்னும் அறுவை மருத்துவர். இந்தியாவினின்று அமெரிக்கா சென்று குடியேறிய மருத்துவப் பெற்றோரின் மகன். பட்டியலில் உள்ளவை பத்தொன்பது. மயக்குமுன் சில, கத்தி வைக்குமுன் சில, நோயாளி அரங்கைவிட்டு நீங்குமுன் சில. 'இவர் பெயர் யாது? எந்தப் பக்கத்தில் அறுவை? ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா?' என்று ஒருவர் உரக்கக் கேட்க, மற்றவர் விடை கூறுவர். முடிவில் ஊசிகளையும் துணித்துண்டுகளையும் எண்ணுவர்; வயிற்றினுள் துணியை வைத்துத் தைத்துவிட்ட கொடுமைகள் உலகெங்கும் நிகழ்ந்துள்ளன அன்றோ. அரங்கில் உள்ளோர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்பதும் பட்டியலில் உண்டு. இது வெறும் உபசாரம் அன்று. ஒருமுறை வாய்திறந்து தன் பெயரைச் சொன்னவர், பின்னர்த் தவறு கண்டபோதும் வாய் திறப்பார்.

புதுதில்லி, லண்டன், மணிலா, தான்சானியாவின் இஃபக்காரா உள்ளிட்ட எட்டு ஊர்களில் இதனைச் சோதித்தனர். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. 11 ஆக இருந்த பிற கேடுகள் 7 ஆயின. 2009ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தபோது பலரும் வியந்தனர். ஆனால் 2014ஆம் ஆண்டில் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, பட்டியல் வந்தபின் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. பட்டியலை உள்ளத்தால் ஏற்காமல், தாளில் குறியிட்டு ஒப்புக்கு நிறைவேற்றியிருக்கலாம் என்று பலர் கருதினர். பொருளுணராமல் செய்யுளை ஒப்பிப்பவனைக் கண்ட எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது. தாளுக்கு உயிர் இல்லை. ஒருவர் கேட்க, மற்றவர் உண்மையாகவே நின்று கேட்டு விடை கூறும்போதுதான் அஃது உயிர்பெறுகிறது.

பிழையைச் சொல்லுதல் எளிதன்று என்பதற்கு எர்னஸ்ட் காட்மன் என்பாரின் வாழ்க்கையே சான்று. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவராகிய அவர், தாம் மருத்துவம் செய்த ஒவ்வொருவரும் பின்னர் என்ன ஆயினர் என்று தேடிச் சென்று பதிவு செய்தார். எல்லா மருத்துவமனைகளும் அவ்வாறு செய்து வெளியிட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். உடன்பணிபுரிந்தோர் வெறுத்தனர், அவர் பதவியை விட்டு நீங்கினார். தாமே ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கு வந்த 337 நோயாளிகளின் வரலாற்றையும், அவர்களிடத்தில் நேர்ந்த 123 பிழைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி உலகுக்குக் காட்டிய மருத்துவர் அவர். 1940ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 2014ஆம் ஆண்டு வரை பெயர் பொறித்த கல் இல்லை.

வேண்டுமென்றே விதியை மீறுவோரையும், குடித்துவிட்டுப் பணிக்கு வருவோரையும் தண்டிக்காமல் விடலாம் என்று இவ்வறிஞர்களுள் எவரும் கூறவில்லை. மறதியால் நேர்ந்ததையும் மமதையால் நேர்ந்ததையும் பிரித்தறிய வேண்டும் என்றே கூறினர். பிள்ளையை இழந்த தாய்க்கு இவ்வேறுபாடு ஆறுதல் தருமா? தராது. அவளுக்கு வேண்டுவது உண்மை. நடந்ததை மறையாமல் ஒருவர் எதிரே அமர்ந்து கூறுதல். இனி மற்றொரு பிள்ளைக்கு அவ்வாறு நேராமல் என்ன செய்யப்பட்டது என்னும் செய்தி. பிழையைச் சொன்னவனையே முதலில் அடிக்கும் இடத்தில் இவை மூன்றும் அவளுக்குக் கிட்டா.

அடுத்த ஆண்டில் எனக்கு இடக்கண்ணிலும் புரை நீக்க வேண்டியதாயிற்று. அதே மருத்துவமனைக்குச் சென்றேன். வாயிலில் ஒரு பெண் என் பெயரைக் கேட்டு, எந்தக் கண் என்று வினவினாள். சொன்னேன். சிறிது நேரத்தில் ஒரு செவிலியர் வந்து அதையே வினவி, இடப்புருவத்தின்மேல் மையினால் ஓர் அம்புக்குறி இட்டார். அரங்கினுள் படுக்கவைத்தபின் மருத்துவரே குனிந்து, 'ஐயா, தங்கள் பெயர் என்ன? இன்று எந்தக் கண்?' என்று மூன்றாம் முறை கேட்டார். முன்பு வலக்கண்ணுக்கு வந்தபோது இவ்வினாக்கள் எனக்குச் சினமூட்டின. 'இத்தனை நாள் பார்த்தும் என்னைத் தெரியவில்லையா?' என்று கூடக் கேட்டிருந்தேன். இம்முறை, அருகில் நின்ற செவிலியருக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் விடை கூறினேன்.